ஹைதாபு எல்லைப்பட்டினம்: ஊர் முந்தியா, மதில் முந்தியா?

கரைமேடு எழுதியது:

ஜெர்மனியின் வடக்கு மூலையில், ஷ்லெஸ்விக் நகருக்கு எதிர்க்கரையில், அரைவட்டமாக ஒரு மண்மதில் நிற்கிறது. நீளம் சுமார் 1300 மீட்டர். சில இடங்களில் உயரம் இன்றைக்கும் 10 மீட்டரைத் தொடுகிறது. மதிலுக்குள் சுமார் 24 ஹெக்டேர் நிலம். அருங்காட்சியகத்தார் பழைய முறைப்படி திரும்பக் கட்டிய 7 வீடுகளை விட்டால் உள்ளே புல்வெளிதான். வைக்கிங் காலத்தில் வட ஐரோப்பாவின் பெரிய சந்தைகளில் ஒன்றாக இருந்த ஹைதாபு இதுதான். ஹெடெபி என்றும் எழுதுவார்கள். 2018-ல் யுனெஸ்கோ இதையும் பக்கத்தில் ஓடும் டானவிர்க் எல்லைச்சுவரையும் சேர்த்து உலக மரபுப் பட்டியலில் ஏற்றியது.

இந்த ஊரின் பிறப்பைப் பற்றி ரொம்ப நாளாக ஒரே கதைதான். பிராங்கியப் பேரரசின் அரச ஆண்டேடு சொல்லும் கதை அது. 808-ல் டேனிய அரசன் கோட்ஃபிரெட், ஸ்லாவியரான ஒபோட்ரைட் மக்களின் ரெரிக் துறைமுகத்தை அழித்தான். அங்கிருந்த வணிகர்களைக் கப்பலேற்றி ஸ்லியஸ்தோர்ப் என்ற இடத்துக்குக் கொண்டுவந்தான். ஹைதாபுவைத்தான் ஏடு அப்படிச் சொல்கிறது என்று கொண்டார்கள். தன் நாட்டுக்கும் சாக்சனிக்கும் நடுவே கடலுக்குக் கடல் எல்லைச்சுவர் எழுப்பச் சொன்னான். ஆக, சுவரும் ஊரும் ஒரே அரசனின் ஒரே ஆண்டுக் கட்டளையில் பிறந்தவை என்று வரலாற்று நூல்கள் எழுதிவந்தன.

மண்ணைத் தோண்டியபோது வந்த வரிசை வேறு. டானவிர்க்கின் மரவேலி ஒன்றுக்கு வெட்டிய ஓக் மரங்கள் 737-ஐச் சேர்ந்தவை. கோட்ஃபிரெடுக்கு எழுபது ஆண்டு முந்தியது. அதற்கும் கீழே இன்னும் பழைய மண்கரைகள் இருக்கின்றன. ஹைதாபுவின் தெற்குப் பக்கத்தில் கிடைத்த குடியிருப்பு 8-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிடுகிறது. நடுப்பகுதியில் ஓடையைக் கரைகட்டி, மனைகளை ஒழுங்காகப் பிரித்த வேலை 811-ஐ ஒட்டி வருகிறது. இன்றைக்கு எல்லாரும் நின்று படம் எடுக்கும் அந்த அரைவட்ட மதிலோ 10-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிதான்.

கோட்டை கட்டினார்கள், அதன் நிழலில் ஊர் வளர்ந்தது என்றுதான் எல்லைப்பட்டினங்களைப் பற்றிப் பொதுவாக நினைக்கிறோம். ஹைதாபு ஏறக்குறைய இருநூறு ஆண்டு மதிலே இல்லாமல் வாழ்ந்த ஊர். ஊரை உண்டாக்கியது அந்த இடமும் அந்த எல்லையும்தான், மதில் கடைசியாக வந்து சேர்ந்தது என்பது என் கருத்து. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

புதுவாசகன் எழுதியது:

அக்கா, ஒரு அடிப்படைக் கேள்வி. 737, 811 என்று ஆண்டையே எப்படிச் சொல்கிறார்கள்? கரிமக் கணிப்பில் ஐம்பது, நூறு ஆண்டு முன்பின் வரும் என்றுதானே படித்திருக்கிறேன்?

---

மண்ணடுக்கு எழுதியது:

நான் அகழாய்வுக் குழிகளில் வேலை பார்ப்பவன், இதற்கு நான் பதில் சொல்கிறேன். இங்கே ஆண்டு கிடைப்பது கரிமத்தில் இருந்து இல்லை தம்பி, மரவளையத்தில் இருந்து. குளிர்நாட்டு ஓக் மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் போடும். நல்ல மழை, நல்ல வெயில் என்றால் வளையம் தடிக்கும், மோசமான ஆண்டில் மெலியும். ஒரே வட்டாரத்து மரங்கள் எல்லாவற்றிலும் அந்தத் தடிப்பு, மெலிவு வரிசை ஏறக்குறைய ஒன்றாக வரும். இன்றைய மரத்தில் தொடங்கி, பழைய வீட்டு உத்தரம், அதற்கும் பழைய தேவாலயத்து மரம் என்று ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்திப் பின்னோக்கிப் போனால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு ஒரே தொடர் கிடைத்துவிடும். குழியில் கிடைத்த பலகையை அதில் பொருத்திப் பார்ப்பதுதான் வேலை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பட்டைக்கு அடியில் உள்ள கடைசி வளையம் அப்படியே இருந்தால் மரம் வெட்டிய ஆண்டே தெரியும். பல சமயம் குளிர்காலத்தில் வெட்டினார்களா, கோடையிலா என்றுகூடச் சொல்லலாம். தச்சன் வெளிப்பக்கத்து வெளிர்மரத்தைச் சீவி எறிந்திருந்தால், ஓக்கில் அங்கே சுமார் 20 வளையம் போயிருக்கும் என்று கூட்டிக்கொள்வார்கள், அப்போது முன்பின் வரும். பழைய வீட்டைப் பிரித்து அந்த மரத்தையே புது வேலைக்குப் போட்டிருந்தாலும் ஏமாற்றும். அதனால் ஒற்றைப் பலகையை வைத்து யாரும் எதுவும் சொல்வதில்லை. ஹைதாபுவில் கிடைத்த மரத்துண்டுகள் ஆயிரக்கணக்கில். கடல்மட்டம் உயர்ந்து அந்தக் கரையில் நிலத்தடிநீர் மேலே வந்துவிட்டது. காற்றுப்படாத ஈரமண்ணில் மரம் மக்காது. உலர்ந்த மேட்டில் இருந்த ஊர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

ஊர் காலியான பிறகு அந்த இடத்தில் இன்னொரு நகரம் எழும்பவில்லை என்பதும் முக்கியம். லூபெக் மாதிரி ஊர்களில் பழைய அடுக்குகளை இடைக்காலத்துக்காரனின் நிலவறையும் கக்கூஸ் குழியும் வெட்டித் தின்றிருக்கும். இங்கே மேலே ஏர் மட்டும்தான் ஓடியது.

---

ஓலைச்சுவடி எழுதியது:

கரைமேடு அவர்கள் சொன்ன ஆண்டுகளை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏட்டை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட வேண்டாம். ஏட்டைச் சரியாகப் படித்தால் 808-ல் ஊர் பிறந்ததாக அது சொல்லவே இல்லை.

808-க்கு நான்கு ஆண்டு முன்னால், 804-இன் பதிவிலேயே ஸ்லியஸ்தோர்ப் வருகிறது. கோட்ஃபிரெட் தன் கப்பல் படையோடும் நாட்டின் குதிரைப்படை முழுவதோடும் அங்கே வந்து நின்றான் என்று இருக்கிறது. அது அவன் நாட்டுக்கும் சாக்சனிக்கும் எல்லையில் உள்ள இடம் என்றும் சொல்கிறது. ஆக 804-ல் அந்த இடம் பேர் வாங்கியாயிற்று. 808-ல் நடந்தது வணிகரைக் கொண்டுவந்து சேர்த்தது. "அரசன் நிறுவினான்" என்று ஒரே வரியாகச் சுருக்கியது பின்னால் வந்தவர்கள்.

சுவரும் அப்படித்தான். பேரரசின் அரசவையில் உட்கார்ந்து எழுதியவருக்கு அங்கே முன்பே ஒரு கரை இருந்தது தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பழைய சுவரைப் பலப்படுத்த ஆணையிட்டதே புதிதாகக் கட்டச் சொன்னதாக அவர் காதுக்குப் போயிருக்கலாம்.

808-இன் பதிவில் இன்னொரு வரி உண்டு. அந்தச் சுவரில் வண்டியும் குதிரையும் போய்வர ஒரே ஒரு வாசல் விட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். பல காலம் இதைத் தேடினார்கள். 2010-ல் டானவிர்க்கின் முதன்மைச் சுவரில் தோண்டியபோது சுமார் 6 மீட்டர் அகலத்தில் அந்த வாசல் வெளிப்பட்டது, வடக்கு தெற்காகப் போகும் பழைய மாட்டுப்பாதை சுவரைக் கடக்கும் இடத்தில். ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு முன் எழுதிய ஒரு வரி மண்ணில் அப்படியே கிடக்கிறது. ஏட்டை எழுதியவருக்கு நாம் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுக்க வேண்டும்.

---

கரைமேடு எழுதியது:

ஐயா, அந்த வாசல் விஷயத்தை நீங்கள் எடுத்துப் போட்டதற்கு நன்றி. 804-இன் பதிவு என் பக்கத்துக்கும் பலம்தான். படை வந்து கூடும் இடம் என்றால் அங்கே ஏற்கெனவே ஆள் நடமாட்டம் இருந்திருக்கிறது.

ஒன்று மட்டும். அந்தச் சுவர் 737-இல்கூடத் தொடங்கவில்லை. வாசலை ஒட்டித் தோண்டிய பகுதியில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பல கட்டங்கள் வந்தன. மண்ணைக் கொட்டி எழுப்பியது ஒன்று, புல்தரையைக் கட்டிகளாக வெட்டி அடுக்கியது ஒன்று, அதற்கு மேல் வயல்கற்களைச் சேற்றில் வைத்துக் கட்டிய கற்சுவர். அடியில் உள்ள கட்டங்களின் கரித்துண்டுகள் 5, 6-ஆம் நூற்றாண்டுகளை நோக்கிப் போகின்றன. கடைசியாக 12-ஆம் நூற்றாண்டில் முதலாம் வால்டெமார் செங்கல் சுவர் வைத்தான். டென்மார்க் பக்கத்தில் சுட்ட செங்கல்லில் எழுந்த முதல் பெரிய வேலைகளில் அது ஒன்று. அந்த எல்லை ஊரைவிடவும் அரசனைவிடவும் மூத்தது.

---

நெய்தல் எழுதியது:

இடத்தைப் பற்றி யாரும் இன்னும் விரிவாகப் பேசவில்லை. எனக்கு இந்த ஊரில் பிடித்ததே அதுதான்.

ஷ்லை என்பது பால்டிக் கடலில் இருந்து நிலத்துக்குள் சுமார் 40 கிலோமீட்டர் நீளும் ஒடுக்கமான கடல்நாக்கு. அதன் உள்முனையில் இன்னும் ஒரு சின்ன உப்பங்கழி, அதன் கரையில் ஹைதாபு. அங்கிருந்து மேற்கே தரைவழியாக இருபது கிலோமீட்டருக்கும் குறைவாகப் போனால் ட்ரேனெ ஆறு. அதில் படகு விட்டால் ஐடர் ஆறு, அப்புறம் வடகடல். டென்மார்க்கின் ஜட்லாந்து தீபகற்பத்து மூக்கைச் சுற்றிப் போகும் ஆபத்தான கடற்பயணத்தை இந்தச் சின்னத் தரைவழி மிச்சப்படுத்தியது. தெற்கு வடக்காக மாட்டுப்பாதை, கிழக்கு மேற்காகக் கடல்வழி, இரண்டும் குறுக்கிடும் இடம்.

எல்லை என்று சொல்கிறோமே, அது யார் யாருக்கு நடுவில் என்று பாருங்கள். வடக்கே டேனியர், தெற்கே சாக்சனியர், அவர்களுக்குப் பின்னால் பிராங்கியர், தென்கிழக்கே ஸ்லாவியர், மேற்கே ஃபிரிசியர். நான்கைந்து மக்கள் சந்திக்கும் முனையில் சந்தை போடாமல் வேறெங்கே போடுவார்கள்?

கிடைத்த பொருட்களும் அதையே சொல்கின்றன. நார்வேயின் மாக்கல் சட்டி, நார்வேயின் சாணைக்கல், ரைன் நாட்டுக் கண்ணாடிக் கிண்ணத் துண்டு, எரிமலைக்கல்லில் செய்த திரிகை, பால்டிக் அம்பர் (கல்லாகிப்போன மரப்பிசின்). எனக்குப் பிடித்தது கிணறுகள். அங்கே பல கிணறுகளுக்கு உறை எது தெரியுமா? பெரிய மரப்பீப்பாய். வெள்ளித் தேவதாரு மரத்தில் செய்தது. அந்த மரம் வட ஜெர்மனியில் வளராது, தெற்கே மலைப்பக்கத்து மரம். ரைன் வழியாகத் திராட்சைமது வந்து இறங்கியிருக்கிறது. மது தீர்ந்ததும் பீப்பாயின் அடியைத் தட்டிவிட்டுக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டார்கள். ஒரு கிணற்றை எட்டிப் பார்த்தால் இந்த ஊரின் வணிகம் எவ்வளவு தூரம் போனது என்று தெரிந்துவிடுகிறது.

965 வாக்கில் அந்தலூசியாவில் (முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினில்) இருந்து வந்த பயணி அத்தர்தூஷி, உலகக் கடலின் கடைக்கோடியில் உள்ள பெரிய ஊர், உள்ளே நன்னீர்க் கிணறுகள் உண்டு என்று இதைப் பற்றித்தான் சொன்னார். ஜனங்களின் பாட்டு அவருக்குப் பிடிக்கவில்லை. முக்கிய உணவு மீன் என்கிறார்.

---

வாயிற்காவல் எழுதியது:

கரைமேடு சொல்வதில் எனக்கு ஒரு பெரிய தடை இருக்கிறது. நான்கு பகைநாடுகள் சூழ்ந்த முனையில், பணம் புழங்கும் ஊரை இருநூறு ஆண்டு மதில் இல்லாமல் எந்த அரசன் விட்டுவைப்பான்? இந்த மதிலுக்கு முன் ஒரு சின்ன மதிலோ மரவேலியோ இருந்திருக்க வேண்டும். தோண்டியதே ஐந்து விழுக்காடு என்கிறார்கள். கிடைக்கவில்லை என்பதாலேயே இல்லை என்று முடிவுகட்டலாமா?

இன்னொன்று, ஊருக்கு வடக்கே மேட்டில் ஒரு சிறு கோட்டை இருக்கிறதே, அதைக் கணக்கில் எடுக்கவில்லையா?

---

மண்ணடுக்கு எழுதியது:

நியாயமான தடைதான். ஒவ்வொன்றாகப் போகிறேன்.

மதிலைக் குறுக்கே வெட்டிப் பார்த்திருக்கிறார்கள். முதல் கட்டம் இன்றைய உயரத்தில் பாதிகூட இல்லை. அதன்மேல் மறுபடி மறுபடி மண்ணேற்றி இந்த உயரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த முதல் கட்டமே பழைய குடியிருப்புகளின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. தெற்குக் குடியிருப்போ மதிலுக்கு வெளியே தங்கிவிட்டது, 9-ஆம் நூற்றாண்டுக்குள் ஜனங்கள் அங்கிருந்து நடுப்பகுதிக்கு நகர்ந்துவிட்டார்கள். முதலில் மதிலுக்குத் திட்டம் போட்டிருந்தால் ஊர் அதற்குள் அடங்கியிருக்கும். இங்கே மதில், இருக்கிற ஊரைச் சுற்றி வளைத்துக்கொண்டது.

மேட்டுக்கோட்டை இருக்கிறது, உண்மைதான். உள்ளே புதைமேடுகளும் உண்டு. ஆபத்து வந்தால் ஜனங்கள் ஓடி ஒளிய அது உதவியிருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனாலும் அது ஊரின் மதில் ஆகாது. ஊரும் சந்தையும் கப்பலும் கீழேதான்.

நீங்கள் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். டானவிர்க்கின் முதன்மைச் சுவர், வடக்குச் சுவர் இரண்டையும் சேர்த்துக் கோடு போட்டால் அது ஷ்லையின் உள்முனைக்குப் போய்ச் சேருகிறது. ஹைதாபு அந்தக் கோட்டுக்குத் தெற்கே, சுவருக்கு வெளியே நிற்கிறது! ஊரையும் முதன்மைச் சுவரையும் இணைக்கும் சுவர் பின்னால் வந்தது, அதன் மரங்கள் 964 முதல் 968 வரை வெட்டியவை. தெற்கே நேர்கோடாக ஓடும் கோவிர்க் என்ற இன்னொரு சுவரை ஒரு காலத்தில் கோட்ஃபிரெடின் சுவர் என்றார்கள், பிறகு 10-ஆம் நூற்றாண்டின் கடைசிக்கு இறக்கினார்கள். அதன் காலத்தைப் பற்றிய சண்டை நடந்துகொண்டே இருக்கிறது.

---

வாயிற்காவல் எழுதியது:

ஊர் சுவருக்கு வெளியே இருந்தது என்பதை நான் கவனித்ததே இல்லை. அப்படியானால் ஏன் 10-ஆம் நூற்றாண்டில் திடீரென்று மதில்?

---

ஓலைச்சுவடி எழுதியது:

அதற்கு ஏடும் கல்லும் பதில் சொல்கின்றன. அந்த நூற்றாண்டில் இந்த ஊர் கைமாறிக்கொண்டே இருந்தது. 934-ல் ஜெர்மானிய அரசன் முதலாம் ஹென்றி வடக்கே வந்து இங்கே ஆண்ட க்னூபாவைத் தோற்கடித்தான். க்னூபாவின் மனைவி அஸ்ஃபிரித், மகன் சிக்ட்ரிக் நினைவாக நாட்டிய, ரூனிக் என்ற பழைய வடநாட்டு எழுத்து பொறித்த இரண்டு கற்கள் ஊருக்குப் பக்கத்திலேயே கிடைத்துள்ளன. 974-ல் ஜெர்மானியப் பேரரசன் இரண்டாம் ஓட்டோ எல்லையைப் பிடித்தான். 983-ல் டேனியர் திரும்ப எடுத்தார்கள். இணைப்புச் சுவரின் 960-கள் டேனிய அரசன் ஹரால்ட் நீலப்பல்லனின் காலம். மதிலும் இணைப்புச் சுவரும் அந்த நூற்றாண்டின் நெருக்கடியில் வந்தவை என்று பார்த்தால் எல்லாம் பொருந்துகிறது.

இன்னொரு கல்லையும் சொல்ல வேண்டும். டேனிய அரசன் ஸ்வெய்னின் ஆளான தோருல்ஃப் தன் தோழன் எரிக்குக்காக நாட்டியது. வீரர்கள் ஹைதாபுவை முற்றுகையிட்டிருந்தபோது எரிக் இறந்தான் என்று பொறித்திருக்கிறது. முற்றுகை என்றால் முற்றுகையிட ஒரு மதில் வேண்டும். அந்தக் கல் வெட்டிய காலத்தில் மதில் நின்றது. தண்ணீருக்குள்ளும் துறைமுகத்தை வளைத்து மரக்கம்பு வேலி போட்டிருந்தார்கள்.

---

தாமரைக்குளம் எழுதியது:

ரெரிக் என்ன ஆனது? அதை அழித்துத்தான் ஹைதாபு வளர்ந்தது என்றால் அந்தப் பக்கத்து மண்ணும் ஒத்துப்போக வேண்டுமே.

---

கரைமேடு எழுதியது:

நல்ல கேள்வி. விஸ்மார் நகருக்குப் பக்கத்தில் கிராஸ் ஸ்ட்ரோம்கெண்டார்ஃப் என்ற ஊரில் 1990-களில் தோண்டினார்கள். கடற்கரையில் ஒரு பெரிய வணிகக் குடியிருப்பு வந்தது. குழிவீடுகள், கைவினைக் கழிவு, பெரிய இடுகாடு. ஸ்லாவியர் நாட்டில் இருந்தாலும் அடக்கமுறைகள் பல விதம், படகில் வைத்துப் புதைத்தவர்கள்கூட உண்டு. ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இதுதான் ரெரிக் என்கிறார்கள். மரவளையங்கள் 8-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் தொடங்கி 811 வாக்கில் நின்றுவிடுகின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. 808-ல் அழித்தாயிற்று என்கிறது ஏடு. அதே ஏடு 809-ல் ஒபோட்ரைட் தலைவன் த்ராஸ்கோவை கோட்ஃபிரெடின் ஆட்கள் ரெரிக் சந்தையில் வஞ்சகமாகக் கொன்றார்கள் என்கிறது. சந்தை இன்னும் கொஞ்சம் உயிரோடு இருந்திருக்கிறது! ஒரே நாளில் எரித்து மொத்தக் கூட்டத்தையும் கப்பலில் ஏற்றிய காட்சி ஒன்றை மனதில் வைத்திருப்போம். மரமும் ஏடும் சேர்ந்து, அது சில ஆண்டுகளில் வற்றியது என்று சொல்கின்றன.

அரசன் ஏன் அவ்வளவு மெனக்கெட்டான் என்பதும் அந்தப் பதிவிலேயே இருக்கிறது. ரெரிக் அவனுக்கு வரி கட்டிய ஊர். ஒபோட்ரைட்டுகளோ பிராங்கியப் பேரரசன் சார்லமேனின் கூட்டாளிகள். வரி தரும் வணிகர்கள் தன் சுவரருகே, தன் கண்பார்வையில் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறான். கோட்ஃபிரெட் 810-ல் கொலையுண்டான். 811-ல் ஐடர் ஆற்றங்கரையில் இரு தரப்பும் சமாதானம் செய்துகொண்டன. ஹைதாபுவில் ஓடைக்குக் கரைகட்டிய வேலையும் அதே ஆண்டுகளில் வருகிறது. ஆணையிட்டவன் போன பிறகும் ஊர் வளர்ந்துகொண்டிருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

---

மண்ணடுக்கு எழுதியது:

ஸ்லியஸ்தோர்ப் விஷயத்தில் ஒரு புதுச் சிக்கலையும் சேர்த்துவிடுகிறேன். ஷ்லையின் வடகரையில் ஃப்யூசிங் என்ற கிராமம். ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தார் அங்கே தோண்டியபோது 700 வாக்கில் தொடங்கி 10-ஆம் நூற்றாண்டுவரை இருந்த குடியிருப்பு ஒன்று கிடைத்தது. நிறைய குழிவீடுகள், நடுவே பெரியவர்கள் வாழ்ந்த நீளக்கூடம். அந்தக் கூடம் எரிந்திருக்கிறது, அதில் அம்புமுனைகள். தோண்டியவர்கள், 804-ல் படை கூடிய ஸ்லியஸ்தோர்ப் இதுவாகத்தான் இருக்க வேண்டும், ஹைதாபு அதன் சந்தை என்று வாதாடுகிறார்கள். தலைவர்களும் படையும் ஒரு கரையில், வணிகர்கள் எதிர்க்கரையில்.

எனக்கு இந்த வாதம் ஏற்கத் தோன்றுகிறது. ஹைதாபுவின் ஆரம்ப அடுக்குகளில் தலைவன் வீடு என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் இல்லை. சீப்பு செய்பவன், மணி செய்பவன், வார்ப்பு வேலைக்காரன், வணிகன் இவர்கள்தான் தெரிகிறார்கள். அதிகாரம் வேறெங்கோ இருந்து இதைப் பார்த்துக்கொண்டது.

---

நெய்தல் எழுதியது:

ஆரம்ப அடுக்கில் இருந்த சாமானிய வீடு ஒன்றைப் பற்றியும் பேச வேண்டும். அகழாய்வில் ஒரு வீட்டின் முக்கோணப் பக்கச்சுவர் முழுசாக ஈரமண்ணில் சாய்ந்து கிடந்தது. மரவளையம் 870 என்கிறது. வீடு சுமார் 12 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். ஓக் சட்டங்களுக்கு நடுவே கழி பின்னி மண் பூசிய சுவர். சுவர் வெளியே சரியாமல் இருக்க வெளிப்பக்கம் சாய்வாக முட்டுக்கால் கொடுத்திருக்கிறார்கள். பொதுவாகத் தொல்லியலில் கம்பம் நட்ட குழிதான் கிடைக்கும், மேலே எப்படி இருந்தது என்பது ஊகம். இங்கே கூரை எந்தக் கோணத்தில் இறங்கியது, கதவு எங்கே என்பதெல்லாம் கிடைத்துவிட்டது. இன்று மதிலுக்குள் நிற்கும் வீடுகளுக்கு இந்த மாதிரிச் சான்றுகள்தான் ஆதாரம்.

துறைமுகத்திலும் அப்படியே. 9-ஆம் நூற்றாண்டில் கரையில் இருந்து ஒடுக்கமான மரத்துறைகள் தண்ணீருக்குள் நீண்டன. போகப் போக அவற்றை அகலமாக்கி, ஒன்றோடொன்று இணைத்து, பெரிய மேடையாக்கிவிட்டார்கள். பலகை இடுக்கில் விழுந்த நாணயம், எடைக்கல் எல்லாம் அடியில் சேற்றில் கிடைத்தன. கொடுக்கல் வாங்கல் அந்த மேடையிலேயே நடந்திருக்கிறது.

---

தாமரைக்குளம் எழுதியது:

யாரும் தொடாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். இந்த அகழாய்வின் பெரும்பகுதியை 1930-களில் நடத்தியவர் ஹெர்பர்ட் யான்குன். நாஜிகளின் எஸ்.எஸ். படை உறுப்பினர். எஸ்.எஸ். தலைவன் ஹிம்லரின் ஆனனெர்பெ என்ற ஆய்வு அமைப்பு இதற்கு ஆதரவு கொடுத்தது. ஜெர்மானிய இனப்பெருமைக்குச் சான்று தேடும் வேலையாக அதைப் பார்த்தார்கள். அந்தக் குழிகளில் இருந்து வந்த செய்தியை நாம் எந்த அளவுக்கு நம்பலாம்?

அதற்கு முன்னாலும் இந்த மண் சும்மா இருந்ததில்லை. 1864-ல் பிரஷ்யா, ஆஸ்திரியாவோடு நடந்த போரில் டேனியர் டானவிர்க்கை விட்டுப் பின்வாங்கினார்கள். அந்த வலி அவர்களுக்குப் பல தலைமுறை இருந்தது. ஒரு மண்கரைக்கு இரண்டு நாடுகள் உரிமை கொண்டாடியபோது, யார் கட்டினார்கள், எப்போது கட்டினார்கள் என்ற கேள்வியே அரசியல்தான்.

---

மண்ணடுக்கு எழுதியது:

இதைப் பேசாமல் விடக்கூடாது, எழுதியது நல்லது.

யான்குனின் நோக்கம் வேறு, அவர் குழிகளின் வரைபடமும் அடுக்குப் பதிவும் வேறு. அவற்றை 1945-க்குப் பிறகு வந்தவர்கள் திரும்பச் சோதித்திருக்கிறார்கள். 1960-களில் குர்ட் ஷீட்செல் நடுப்பகுதியில் பெரிய பரப்பைத் திறந்தார். 1979, 80-ல் துறைமுகத்தில் இரும்புப் பலகைகளை அடித்து நீரை இறைத்துவிட்டுத் தோண்டி, ஏறக்குறைய 31 மீட்டர் நீளப் போர்க்கப்பலை எடுத்தார்கள். அது 985 வாக்கில் கட்டியது. நான் மேலே சொன்ன ஆண்டுகள் எல்லாம் போருக்குப் பிந்திய மரவளைய ஆய்வில் வந்தவை. ஒரு பலகையின் வளையத்துக்கு யாருடைய இனப்பெருமையும் தெரியாது. இன்னாருடைய மண்பாண்டம், ஆகவே இன்னார் ஊர் என்று அன்று எழுதியவற்றைத்தான் இன்று யாரும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

முதலில் நினைவுகூர வேண்டியவர்கள் வேறு இருவர். அந்த மதிலுக்குள் கிடப்பது ஏட்டில் வரும் ஹைதாபுதான் என்று 1897-ல் எடுத்துச் சொன்னவர் டேனியரான சோஃபஸ் முல்லர். அதை ஏற்று 1900-ல் அங்கே அகழாய்வைத் தொடங்கிவைத்தவர் கீல் அருங்காட்சியகத்தின் தலைவியான யோஹன்னா மெஸ்டார்ஃப். பெண்களைப் பல்கலைக்கழகத்துக்குள் விடாத காலத்தில் அந்தப் பதவிக்கு வந்தவர். இரண்டு நாட்டுப் பகை உச்சத்தில் இருந்தபோது ஒரு டேனியரின் வாதத்தை ஜெர்மன் அருங்காட்சியகத்தில் இருந்துகொண்டு சோதிக்கப் போனது சாதாரணக் காரியம் இல்லை.

---

புதுவாசகன் எழுதியது:

நன்றி அண்ணா, நன்றி அக்கா. கடைசியாக ஒன்று. இவ்வளவு செல்வாக்கான ஊர் எப்படி அழிந்தது? மதில் காப்பாற்றவில்லையா?

---

கரைமேடு எழுதியது:

1050-ல் நார்வே அரசன் ஹரால்ட் ஹார்ட்ராடா எரித்தான். 1066-ல் ஸ்லாவியர் சூறையாடினார்கள். இரண்டு தடவையும் மதில் அங்கேதான் இருந்தது. ஆனால் ஊரை முடித்தது தீ மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். அந்த உப்பங்கழி ஆழமில்லாதது. 11-ஆம் நூற்றாண்டில் கப்பல்கள் பெருத்து, சரக்கு ஏற்றிய அடிப்பகுதி ஆழமாக இறங்கத் தொடங்கியது. எதிர்க்கரையில் ஷ்லெஸ்விக்கில் தண்ணீர் அதற்கு வசதி. அங்கே துறைமுகப் பகுதியில் கிடைத்த மரங்கள் 1070-களில் தொடங்குகின்றன. சில கிலோமீட்டர்தான் தூரம், வணிகர்கள் பொருளைப் படகில் ஏற்றி அந்தப் பக்கம் போயிருப்பார்கள். அதே எல்லை, அதே தரைவழி, அதே கடல்நாக்கு, கரை மட்டும் மாறியது.

வாயிற்காவல் கேட்ட ஐந்து விழுக்காடு பற்றி: 2002-ல் மதிலுக்கு உள்ளும் வெளியும் காந்த அளவாய்வு செய்தார்கள். மண்ணைத் தொடாமலே தெருக்களும் மனைகளும் அடுப்புகளும் படத்தில் தெரிந்தன. 2017-ல் தெற்கு இடுகாட்டைத் திரும்பத் திறந்தார்கள், யான்குன் அங்கே பாதியில் விட்டுப் போன குழிகள் இருந்தன. மதிலுக்கு முந்திய தலைமுறைகளைப் பற்றி இனி வரப்போகும் செய்தி பெரும்பாலும் அந்தத் தெற்குப் பக்கத்தில் இருந்துதான் வரும். ஷ்லெஸ்விக் துறைமுகத்துக்குத் தனி இழை தொடங்குகிறேன். ஐயாவிடம் ஒரு வேண்டுகோள், 11-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பிரேமன் நகரத்து ஆடம் அந்த ஊரைப் பற்றி எழுதிய பகுதிகளை அங்கே எடுத்துப் போடுங்கள்.